வேக்போர்ட் சப்பாத்து லூசா இருந்தா நல்லதுன்னு நெனக்கிறவங்களுக்கு

நம்ம தோட்டத்துப் பக்கம் வளந்தவங்களுக்கு இது நல்லாத் தெரியும், ஸ்கூல் சப்பாத்து வாங்க ஹட்டனுக்குப் போனா அம்மா ஒரு சைஸ் கூடத்தான் வாங்கும், அடுத்த வருஷமும் போடணும்ல, நாம முன்னாடி பேப்பர உருட்டித் திணிச்சுக்கிட்டு டக்கு டக்குன்னு நடந்து போயிருவோம். அதே புத்தியோடதான் நான் பெந்தோட்டையில வேக்போர்ட் இழுக்கிற போட்ல வேலைக்குச் சேந்தேன் (வேக்போர்ட்டுன்னா போட் பின்னாடி கயிறப் புடிச்சுக்கிட்டு நின்னு போற பலகை, கால விடுற சப்பாத்து அதுலயே ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கும்), மூணாவது மாசமே மொழங்கால்ல ஜவ்வ கிழிச்சுக்கிட்டு நோர்வூட்டுக்கு வந்து சேந்தேன். லயத்துக்கு ஏர்ற படி எம்பத்திநாலு, அத முழுசா எண்ணினது அந்த ஆறு வாரத்துலதான்.

இப்ப எழுதுறதுக்குக் காரணம், என் தம்பி, சித்தி மகன், ஒரு பழைய போர்ட காசு குடுத்து வாங்கிட்டு வந்து இஸ்தோப்புல சாத்தி வச்சிருக்கான். மே மாசத்துக்குப் பொறகு தெக்குப் பக்கம் ஆள் வரத்து கொறையும், கீழ ஹோட்டல்லயும் போட்லயும் வேல செய்ற நம்ம பசங்க பாதிப் பேரு வீட்டுக்கு வந்துருவாங்க, வந்தவன்லாம் அந்தப் போர்ட்ல கால விட்டுப் பாத்துட்டு ஆளுக்கொரு யோசன சொல்றான். அதுல முக்காவாசி தப்பு. முக்கியமா எல்லாரும் சொல்ற ஒரு தப்பு இருக்கு: "கொஞ்சம் லூசாவே கட்டு மச்சான், வுழுந்தா கழண்டுரும், காலுக்கு ஒண்ணும் ஆகாது."

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு காலும் ஒரே நேரத்துல கழண்டாத்தானே அது சரி. லூசா இருக்கிற சப்பாத்துல பெரும்பாலும் ஒரு கால்தான் மொதல்ல வெளிய வரும், மத்த கால் உள்ளயே மாட்டிக்கிட்டு நிக்கும். போர்டு ஒண்ணே கால் மீட்டருக்கு மேல நீளம், பெரிய ஆளுக போடுறது 135, 140 சென்டிமீட்டர் வரும். அதோட ஒரு நுனி தண்ணியில குத்தித் திரும்புறப்ப உள்ள இருக்கிற அந்த ஒத்தக் கால சேத்துத் திருப்பும். அலவாங்க வச்சு கல்லப் பெரட்டுறோம்ல, நாலு பேரு தள்ளியும் அசையாத கல்லு அலவாங்கு முனையில ஒருத்தன் அழுத்தினா பெரளுது, அதே கணக்குதான், இங்க போர்டு அலவாங்கு, கல்லு நம்ம மொழங்கால். எனக்கு நடந்தது அதுதான். ஒரு டூரிஸ்ட் விட்டுட்டுப் போன பதினோராம் சைஸ் சப்பாத்துல என் எட்டாம் நம்பர் கால விட்டுக்கிட்டுப் போனேன், பின் கால் உருவிக்கிட்டு வந்துருச்சு, முன் கால் வரல. ஒடம்பு ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம்.

ரெண்டு காலும் உள்ள இருந்தா போர்டும் காலும் ஒண்ணாத் திரும்பும், அந்தத் திருகல ரெண்டு காலும் இடுப்பும் பங்கு போட்டுக்கும். ரெண்டும் வெளிய வந்துட்டா பிரச்சினையே இல்ல. ஒண்ணு உள்ள ஒண்ணு வெளிய, அதுதான் மோசம். பனியில போற ஸ்கீயில சப்பாத்த மாட்டுற பூட்டுல ஆளோட எடை, திறமை பாத்து ஒரு அளவு வச்சிருப்பாங்க, அதுக்கு மேல திருகினா தானாக் கழண்டுரும். வேக்போர்ட்ல பெரும்பாலும் அப்படி ஒரு மெஷினே கெடயாது, நீங்க கட்டுற இறுக்கம் மட்டும்தான். அதனாலதான் சைஸப் பத்தி இவ்வளவு பேசுறேன்.

சைஸ்ல மொதல் குழப்பம் நம்பர். நம்ம நாட்டுக் கடைகள்ல சப்பாத்து நம்பர் இங்கிலாந்துக் கணக்கு, வேக்போர்ட் சப்பாத்துல அடிச்சிருக்கிற நம்பர் அநேகமா அமெரிக்கக் கணக்கு. ஆம்பளைக்கு நம்ம எட்டுன்னா அவங்களுக்கு ஒம்பது மாதிரி வரும். எட்டுன்னு பாத்து எடுத்து மாட்டினா வெரல் மடங்கும், "ஐயோ டைட்டு"ன்னு சொல்லிட்டு அடுத்து பத்தோ பதினொண்ணோ எடுப்பான், அங்கதான் லூசு வந்து சேருது. இன்னொண்ணு நம்ம கால். சின்ன வயசுலருந்து வெறுங்கால்ல மலை ஏறி எறங்கினவங்களுக்கு கால் முன்பக்கம் அகலமா விரிஞ்சிருக்கும், குதிகால் ஒடுக்கமா இருக்கும். முன்னாடி கடிக்குதேன்னு பெரிய சைஸ் எடுத்தா பின்னாடி குதிகால் ஆடும். இந்த மாதிரிக் காலுக்கு முன்பக்கம் தொறந்த மாடல் நல்லது, வெரலுக்கு எடம் இருக்கும், குதிகால தனியா இறுக்கிக்கலாம். ஆனா வெரல் நுனி சப்பாத்தோட அடித்தட்டத் தாண்டி வெளிய தொங்கக் கூடாது, தொங்கினா அதுவும் சைஸ் தப்புதான்.

பாக்குறது எப்படின்னா, தண்ணி வேணாம், இஸ்தோப்புத் தரையிலேயே பாக்கலாம். கால விட்டதும் குதிகால தரையில ரெண்டு தட்டு தட்டுங்க, அப்பத்தான் குதிகால் கடைசி வரைக்கும் பின்னாடி போய் ஒக்காரும். இத செய்யாம அப்படியே ஸ்ட்ராப்ப இழுக்கிறதுதான் தண்ணிக்குள்ள போய் லூசாகிறதுக்கு பாதிக் காரணம். பொறகு கீழ, பாதத்துக்கு மேல வர்ற ஸ்ட்ராப்ப மொதல்ல இறுக்கணும், அப்பறம் கணுக்கால். மேலருந்து ஆரம்பிச்சா குதிகால் தூக்கிக்கும். எந்திரிச்சு மொழங்கால மடக்கி, நாற்காலியில ஒக்காரப் போற மாதிரி நின்னு, குதிகால தூக்கிப் பாருங்க. யாராவது போர்ட மிதிச்சுப் புடிச்சுக்கட்டும். சப்பாத்துக்குள்ள குதிகால் அடிய விட்டுக் கெளம்புனா லூசு. கொஞ்சம் அசைஞ்சு நின்னுட்டா சரி. ரெண்டு நிமிஷம் அப்படியே நில்லுங்க, வெரல் மரத்துப் போனாலோ ஊசி குத்துற மாதிரி இருந்தாலோ ரொம்ப இறுக்கம், அதுவும் ஆபத்துதான், ஏன்னா பெரிய அடியில கழண்டு வர வேண்டிய கால் வராது, மரத்த காலுக்கு வலியும் தெரியாது. ரெண்டு காலுக்கும் ஒரே மாதிரி இறுக்கம் இருக்கணும், இதத்தான் பசங்க கவனிக்கிறதே இல்ல, முன் கால நல்லா கட்டிட்டு பின் கால அவசரத்துல விட்டுர்றது.

தடிச்ச காட்டன் மேஜோட போட்டு சைஸ நெரப்புறவங்களும் இருக்காங்க. அது நம்ம பேப்பர் உருட்டித் திணிக்கிற கதையேதான். தண்ணி பட்டா மேஜோடு சப்பாத்துக்குள்ள சறுக்கும்.

கால் உள்ள போறதுக்கு வழுக்கலா ஏதாவது தடவணும், சரி. ஆனா எங்க அம்மாயி போத்தல எடுத்து நீட்டின தேங்காயெண்ணெய் வேணாம், வாசலினும் வேணாம், எண்ணெய்ச் சாமான் எதுவுமே ரப்பருக்கும் ஒட்டியிருக்கிற பசைக்கும் ஆகாது. சின்னப் புள்ளைங்க ஷாம்பூவ தண்ணியில கலக்கி ஸ்ப்ரே போத்தல்ல வச்சுக்கிட்டா போதும், சப்பாத்தயும் காலயும் நனச்சுட்டு அடிங்க, வேல முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவிருங்க.

காய வைக்கிறதுலயும் நம்ம பக்கத்துக்குன்னே ஒரு தப்பு இருக்கு. மழைக் காலத்துல மூடுபனியில எதுவும் காயாது, ஸ்கூல் சப்பாத்து மேஜோடு எல்லாத்தயும் அடுப்புக்கு மேல தொங்க விட்டுத்தான் பழக்கம். வேக்போர்ட் சப்பாத்த அடுப்புக்கு மேல தொங்க விட்டா சூட்டுல பசை விட்டுரும், ஸ்பொஞ்சு சுருங்கும். தம்பி அதத்தான் செஞ்சான், மூணு நாள்ல குதிகால் பக்கம் வாயத் தொறந்துருச்சு. காத்தோட்டமா நெழல்ல வைங்க, உள்ள பழைய பேப்பர சுருட்டி வச்சா ஈரத்த இழுத்துக்கும். பேப்பர் அதுக்குத்தான், சைஸ் நெரப்ப இல்ல.

அடுத்தது ஸ்க்ரூ. சப்பாத்து எவ்வளவு பொருந்தினாலும் அடித்தட்டு போர்ட்ல ஆடினா எல்லாம் வீண். ஒவ்வொரு தடவ தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடியும் கையால ஆட்டிப் பாத்து ஸ்க்ரூ ட்ரைவரால முடுக்குங்க, வாஷர் இருக்கான்னு பாருங்க. ட்ரில் மெஷின் போட்டு முடுக்காதீங்க, உள்ள இருக்கிற மரை தேஞ்சுட்டா போர்டே போச்சு. உப்புத் தண்ணியில ஓடினதுன்னா ஸ்க்ரூவ கழட்டிக் கழுவி வைங்க, இல்லாட்டி துரு புடிச்சு, அவசரத்துக்குக் கழட்ட வேண்டிய நாள்ல கழறாது.

கால் வைக்கிற அகலத்தயும் கோணத்தயும் யாரோ நல்லா ஓட்டுறவன பாத்துக் காப்பி அடிக்கிறது இன்னொரு தப்பு. இஸ்தோப்புப் படியிலருந்து கீழ குதிங்க, யோசிக்காம குதிக்கணும், கால் ரெண்டும் எந்த அகலத்துல வுழுதோ ஏறக்குறைய அதுதான் ஒங்க அகலம், அநேகமா தோள் அகலத்த விட கொஞ்சம் கூட வரும். புதுசா பழகுறவங்க பின் கால நேரா, பூஜ்யத்துல வச்சு, முன் கால மட்டும் பதினஞ்சு பாகை அளவுக்கு முன்னாடி திருப்பிக்கலாம். கொஞ்சம் பழகினதும் ரெண்டு காலயும் வெளிப்பக்கமா ஒம்பது ஒம்பது பாகை மாதிரி, வாத்து நிக்கிற மாதிரி வைப்பாங்க. அதுக்கு மேல அகட்டி வச்சா பாக்க ஸ்டைலா இருக்கும், ஆனா குந்துறப்ப மொழங்கால் உள்பக்கம் மடியும், பாதம் ஒரு பக்கம் பாக்கும் மொழங்கால் ஒரு பக்கம் பாக்கும், அந்த நெலயில ஒரு அடி வுழுந்தா ஜவ்வு தாங்காது. குந்திப் பாருங்க, மொழங்கால் பாதத்து நடுவெரலுக்கு நேரா வரணும்.

சரி, சப்பாத்து எல்லாம் சரியா இருக்கு, இப்ப வுழுறோம். நம்ம ஆளுங்களுக்கு வுழத் தெரியாதுன்னு நான் சொன்னா கோவப்படுவாங்க, ஆனா உண்மை. மலையில வழுக்கினா நாம எதயாவது கெட்டியாப் புடிப்போம், தேயில வாதப் புடிப்போம், கொழுந்துக் கூடைய விட மாட்டோம். தண்ணியில அது தலைகீழ். போர்டோட ஓரம் தண்ணியில கவ்வினதும் ஆட்டம் முடிஞ்சுது, அப்பவே கயிற விட்டுரணும். விடாம புடிச்சுக்கிட்டு சமாளிக்கப் பாக்குற அந்த அரை செக்கன்ல போட் ஒடம்ப ஒரு பக்கம் இழுக்கும், தண்ணி போர்ட இன்னொரு பக்கம் புடிக்கும், நடுவுல கால். கயிற விட்டுட்டு கைய நெஞ்சோட சேத்து, மொழங்கால மடக்கி, உருண்டையா வுழுங்க. கால நீட்டி தண்ணிய மிதிச்சு நிக்கப் பாக்காதீங்க.

குதிக்க ஆரம்பிச்சவங்களுக்கு இது இன்னும் முக்கியம், போட் கெளப்புற அலைக்கு மேல எழும்பிட்டு தட்டையான தண்ணியில மொழங்கால வெறப்பா வச்சு எறங்குறது. மொழங்காலுக்கு நடுவுல இருக்கிற முன் ஜவ்வு, ஏ.சி.எல்னு சொல்றது, கிழியிறதுக்கு அது ஒரு பெரிய காரணம். வுழவே வேணாம், சப்பாத்து கழறவும் வேணாம், நின்னபடியே கிழியும். மடக்கின மொழங்காலோட எறங்கணும், அதுக்குத் தொடையில பெலன் வேணும், அது களைச்சுப் போனதும் கால் தானா வெறச்சுக்கும். அதனாலதான் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு"ன்னு போறவன் அடிபடுறான்.

வேகத்தயும் சொல்லிர்றேன், பழகுறவங்களுக்கு மணிக்கு 25லருந்து 30 கிலோமீட்டர் தாராளம், அதுக்கு மேல தண்ணி சீமெந்துத் தரை மாதிரி. போட் ஓட்டுறவரத் தவிர பின்னாடி பாக்க ஒரு ஆள் கட்டாயம் வேணும். ஜாக்கெட், ஹெல்மெட் ரெண்டும் வேணும், வேக்போர்ட்ல தலையிலயும் மூஞ்சியிலயும் படுற அடியும் கொஞ்ச நஞ்சமில்ல.

பசங்க இன்னொண்ணும் கேட்டாங்க, ஏண்ணே பெந்தோட்டைக்குப் போகணும், மவுசாக்கலை நீர்த்தேக்கத்துலயே யாராவது போட்ட வச்சு இழுத்தா என்னன்னு. வேணாம்டா. தண்ணி வத்துற வருஷம் பழைய மஸ்கெலியாக் கோயில் வெளிய தலை காட்டுதுல்ல, போய் படம் புடிச்சு போடுறீங்கள்ல, தண்ணி நெறஞ்சிருக்கிறப்ப அது எங்க போயிருதுன்னு நெனக்கிறீங்க? சொவரு, கல்லு, மரக்கட்ட எல்லாம் அங்கயேதான் இருக்கு. நுவரெலியா கிரகரி வாவியில பெடல் போட் மிதிக்கிறதோட நிறுத்திக்கோங்க. அதோட நம்ம பக்கத்துத் தண்ணி குளிர்ல கால் சீக்கிரம் மரத்துரும், சப்பாத்து லூசா டைட்டான்னே தெரியாது.

அடிபட்டாச்சுன்னா என்ன செய்யக் கூடாதுன்னு என் கதையில இருந்தே சொல்றேன். மொழங்கால் வீங்கியிருந்துச்சு, அம்மாயி பாசத்துல எண்ணெயக் காய்ச்சி ராத்திரி முழுக்க உருவி விட்டுச்சு, காலையில வீக்கம் ரெண்டு மடங்கு. மொதல் ரெண்டு மூணு நாளைக்கு உருவவும் கூடாது, சூடும் வைக்கக் கூடாது, துணியில சுத்தின ஐஸ் வச்சு, பாண்டேஜ் சுத்தி, கால ஒசத்தி வைக்கணும். "டப்"னு சத்தம் கேட்டுச்சு, ரெண்டு மூணு மணித்தியாலத்துக்குள்ள வீங்கிருச்சு, நாலு அடி நடக்க முடியல, மொழங்கால் நிக்கிறப்ப நழுவுது, வெரல் வெளுத்து மரத்துப் போச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் நாட்டு வைத்தியர தேடாம ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்க பக்கத்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரி இருக்கு. வாகனம் இல்லன்னா 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேக்காது.

எலும்பு முறிஞ்ச மாதிரி இருந்தா சப்பாத்த இழுத்து உருவாதீங்க. ஸ்ட்ராப்பு, லேஸ் எல்லாத்தயும் முழுசா தளத்துங்க, அப்பயும் வலிச்சா காலோட சேத்து சப்பாத்த விட்டுட்டு, ஸ்க்ரூவ கழட்டி போர்ட மட்டும் பிரிச்சு எடுங்க. போட்ல ஒரு ஸ்க்ரூ ட்ரைவர் வச்சிருக்கச் சொல்றது இதுக்கும் சேத்துத்தான்.

தம்பியோட போர்ட நேத்து மறுபடியும் பாத்தேன். முன் கால் நல்லாப் பொருந்துது, பின் கால்ல கணுக்கால் ஸ்ட்ராப் பாதி பிஞ்சு நூல்ல தொங்குது, அடுப்புச் சூட்டுல வாயத் தொறந்த சப்பாத்தும் அதுதான். "முன் கால்தான் ஓகேவா இருக்கே அண்ணே"ங்கிறான். ஜோடியா மாத்தாம போர்ட கீழ கொண்டு போக விட மாட்டேன்னு சொல்லிட்டேன், ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறான்.