ஒரே வளவில் இரண்டாவது வீடு: கட்டத் தொடங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும்?

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் வீட்டுப் பேச்சும் கூடவே வந்துவிடும். இருக்கிற வீட்டை மூத்தவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். இளையவளுக்கு முறை வரும்போது அந்தச் சின்ன வீடு பெரிதாகும். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கத்திலும் இந்த வழக்கத்தைப் பார்க்கலாம். வழக்கம் பழையது. ஆனால் வளவுகள் முந்தியைப்போல் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று இல்லை. 15, 20 பேர்ச்சுக்குள் (ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி) இரண்டு வீடு நிற்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் விதிகள் குறுக்கே வருகின்றன.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். முன்வீடு எனக்கு, பின்வளவு தங்கச்சிக்கு என்று அப்பா வாயால் சொல்லியிருந்தார். உறுதி, அதாவது காணிப் பத்திரம், அவர் பேரிலேயே இருந்தது. தை மாதம் மேசன் ஐயா வந்து வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிளான் எல்லாம் பிறகு பார்க்கலாம் புள்ள, முதலில அத்திவாரத்தைப் போட்டிருவம்" என்றார். நல்ல வேளை, அந்த மாதம் கையில் காசு இல்லை. இருந்திருந்தால் போட்டிருப்போம்.

எங்கள் உள்ளூராட்சிச் சபையிலும் பிரதேச செயலகத்திலும் அலைந்து நான் கற்றதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இரண்டு வீட்டுக்கும் ஒரு உறுதியா, இரண்டு உறுதியா?

வீட்டின் அளவு, அறைகளின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுங்கள். காணியைப் பிரிக்காமல் ஒரே காணியில் இரண்டாவது வீடு கட்டுவது ஒரு வழி. காணியை இரண்டு துண்டாகப் பிரித்து, பின்துண்டில் தனி வீடு கட்டுவது மற்ற வழி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சபை கேட்கிற அளவுகள் வேறு வேறு.

பெற்றோர் கடைசிவரை இருப்பதற்கு, அல்லது வாடகைக்கு விடுவதற்கு என்றால் பிரிக்கத் தேவையில்லை. மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பதற்கு என்றால் இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் பிரிக்கத்தான் வேண்டிவரும். அப்படியானால் பிரிக்கப்பட்ட காணி என்று நினைத்துக்கொண்டே இப்போதே கோடு போடுங்கள். வீடு எழும்பிய பிறகு சுவரை நகர்த்த முடியாது.

மேல்மாடியில் இரண்டாவது வீடு என்று யோசிப்பவர்களுக்கும் ஒன்று. காத்தான்குடி, கல்முனை போன்ற நெருக்கமான இடங்களில் வேறு வழியும் இல்லை. கட்டுவதில் தடையில்லை. ஆனால் மேல்மாடியை மட்டும் இளைய மகளின் பேரில் தனியாக எழுத வேண்டுமென்றால், சாதாரண நன்கொடை உறுதி போதாது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டுச் சொத்துடைமைச் சட்டத்தின் கீழ், தனி மாடி வீடாக அளந்து பதிந்த பிறகே எழுதலாம். இதை உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காணி எந்த வகை?

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, யார் பேரில் இருக்கிறது, ஈடு, அதாவது அடமானம், ஏதும் உண்டா என்று பாருங்கள். அவ்வளவுதான்.

அரசாங்கம் தந்த பெர்மிட் காணி அல்லது அளிப்புக் காணி என்றால் நில்லுங்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற இந்தக் காணிகளை நம் விருப்பத்துக்குப் பிரிக்க முடியாது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றவும் முடியாது. அம்பாறை மாவட்டக் குடியேற்றங்களில் இந்த வகைக் காணி நிறைய. "எங்கட காணிதானே" என்று பின்வளவில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, எழுதப் போகும்போது முடியாமல் நிற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முதல் பயணம் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குத்தான்.

வளவின் ஒரு பகுதி வயலாக இருந்தால் இன்னொரு வாசலும் தட்ட வேண்டும். வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். இரவோடிரவாக நாலு ரிப்பர் மண் கொட்டுவது அனுமதி ஆகாது.

மூன்றாம் படி: கடலும் வாவியும் வீதியும்

கடலின் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. அதற்குள் கட்டுவதற்குச் சபை அனுமதி மட்டும் போதாது, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கல்லடி, நாவலடி, மருதமுனை, சாய்ந்தமருது என்று கடலோடு ஒட்டிய ஊர்க்காரர் இதை முதலில் பாருங்கள். கடலோடு தொடுப்புள்ள வாவியும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. ஆகவே வாவிக்கரை வளவுக்காரரும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு இதை ஏன் கேட்கிறார்கள் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஏ-4 போன்ற பெரிய வீதியோரம் என்றால் வீதியிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்கிற கட்டிட எல்லைக் கோட்டை வீதி அபிவிருத்தி அதிகார சபையில் கேளுங்கள். உள்வீதி என்றால் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபை. வீதி எல்லைச் சான்றிதழ் என்று விண்ணப்பித்தால் எழுத்திலேயே தருவார்கள்.

நான்காம் படி: அளவு நாடா

இனித்தான் கணக்கு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் 1986இல் வந்தவை. 2021 ஜூலையில் புதிய விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. வீட்டுக் காணிக்கு நினைவில் வைக்க வேண்டிய பொது அளவுகள் இவை. உங்கள் நகரத்துக்குத் தனி அபிவிருத்தித் திட்டம் இருந்தால் அதில் உள்ள அளவே செல்லும்.

பிரிக்கிற துண்டு ஒவ்வொன்றும் குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 6 பேர்ச். அகலம் குறைந்தது 6 மீற்றர். பின்துண்டுக்குப் போகிற பாதை குறைந்தது 3 மீற்றர், நம் கணக்கில் 10 அடி. வீடுகள் மூடும் நிலம் காணியில் 65 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. வீட்டின் பின்பக்கம் 2.3 மீற்றர், ஏழரை அடி, வெறுமையாக விட வேண்டும். உயரம் கூடினால் அது 3 மீற்றராகும்.

இதை ஒரு வளவில் வைத்துப் பார்ப்போம். முகப்பு 50 அடி, நீளம் 100 அடி. 5000 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால், 18 பேர்ச்சுக்குக் கொஞ்சம் மேலே. வீதியிலிருந்து 55 அடியில் குறுக்கே பிரிக்கிறோம். பின்துண்டு 50க்கு 45, 2250 சதுர அடி, 8 பேர்ச்சுக்கு மேல். முன்துண்டு 50க்கு 55, ஆனால் அதில் 10 அடிப் பாதை போகிறது. மிச்சம் 40க்கு 55, 2200 சதுர அடி, அதுவும் 8 பேர்ச்சைத் தாண்டும். இரண்டும் சரி. 65 சதவீதக் கணக்கில் முன்துண்டில் 1430 சதுர அடி வரை மூடலாம். ஏற்கெனவே நிற்கிற முன்வீடு 32க்கு 36 என்றால் 1152. தாராளம்.

இப்போது அதே வளவில் முன்வீடு நட்ட நடுவில் 44 அடி அகலத்தில் நிற்கிறது என்று வையுங்கள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடிதான் மிச்சம். காணி 18 பேர்ச் இருந்தும் பிரிக்க முடியாது, பாதை இல்லையே! நம் ஊர் வளவுகளில் சிக்குவது பெரும்பாலும் பேர்ச் கணக்கில் அல்ல, இந்தப் பத்தடியில்தான். எங்களுக்கு வீட்டுச் சுவர் வரை அளவு சரியாகவே இருந்தது. ஆனால் அப்பா மோட்டார் சைக்கிள் விட என்று பக்கத்தில் இறக்கிய போர்ட்டிகோ பாதைக்குள் மூன்றடி நின்றது. அதை உடைக்கச் சொன்ன அன்று அவர் பகல் சாப்பிடவில்லை.

மூடும் நிலத்தைக் கணக்கிடும்போது பழைய குசினி, வெளியே உள்ள கக்கூஸ், விறகுக் கொட்டில் எல்லாவற்றையும் சேர்த்தே அளந்துகொள்ளுங்கள். மேல்மாடி இதில் சேராது, நிலத்தில் விழுகிற அளவுதான் கணக்கு.

ஐந்தாம் படி: கிணறும் குழியும்

எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிற விடயம். எனக்கோ எல்லாவற்றிலும் பெரியது இதுதான். நம் கரையோர மணலில் தண்ணீர் சில அடியிலேயே வந்துவிடும். மாரி காலத்தில் கைவாளியால் அள்ளலாம். மலசலகூடக் குழியில் விழுவதும் அதே மணலுக்குள்ளால்தான் ஊர்ந்து போகிறது. மணல் அதை அதிகம் பிடித்து வைக்காது. ஒரு வளவில் இரண்டாவது வீடு வந்தால் இரண்டாவது குழியும் வருகிறது, கிணறு மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது.

குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 15 மீற்றர், 50 அடி, வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். இது உங்கள் கிணற்றுக்கு மட்டும் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அயலவரின் கிணற்றுக்கும் சேர்த்துத்தான். நான் இங்கேதான் பிழைவிட்டேன். நம் கிணறு முன்மூலையில் இருக்கிறது, குழியைப் பின்மூலையில் போட்டால் எட்ட என்று பிளானில் போட வைத்தேன். பரிசோதகர் வந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பின்வீட்டு மாமியின் கிணறு இருபதடியில் இருந்தது. இத்தனை வருடமும் அந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தவள் நான், பிளான் கீறும்போது நினைவு வரவில்லை. திரும்பக் கீற ஒரு மாதம் போயிற்று.

ஆகவே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். 50 அடிக் கயிறு ஒன்றை எடுங்கள். உங்கள் கிணற்றுக் கட்டில் ஒரு முனையைப் பிடித்து வளவுக்குள் சுற்றி வாருங்கள். பிறகு நாலு பக்க அயலவரிடமும் கேட்டு அவர்கள் கிணற்றிலிருந்தும் பிடியுங்கள். கயிறு எட்டாத இடம் எங்கே மிஞ்சுகிறதோ அங்கேதான் குழி. அந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் குளியலறையும் அதை ஒட்டிய அறைகளும் எங்கே வரும் என்று முடிவாகும். ஆம், வீட்டை வடிவமைப்பது குழியிலிருந்து தொடங்குகிறது. கேட்க அசிங்கமாக இருக்கும், அதுதான் உண்மை. எட்டாத இடமே இல்லையென்றால் பரிசோதகரிடம் நேரடியாகப் போய் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பிளானில் கிணற்றைக் காட்டாமல் மறைக்காதீர்கள், குடிக்கப்போவது உங்கள் பிள்ளைகள்.

இன்னொன்று, காணி எவ்வளவு தாழ்வு என்பதைக் கோடையில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 2011 தை வெள்ளம் முன்வீட்டுப் படியில் எதுவரை நின்றது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேல் நிலமட்டம் வையுங்கள்.

ஆறாம் படி: சபைக்குப் போவது

காணியைப் பிரிப்பதென்றால் முதலில் அனுமதி பெற்ற நில அளவையாளரிடம் பிரிப்புப் படம் கீறிச் சபையில் அங்கீகாரம் எடுங்கள். அதற்குப் பிறகுதான் உறுதி, அதற்கும் பிறகுதான் வீட்டுப் பிளான். தலைகீழாகச் செய்து, அங்கீகாரமில்லாத படத்தை வைத்து உறுதி எழுதியவர்கள் வீட்டுப் பிளான் கொடுக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பெற்றோர் எழுதிக் கொடுக்கும்போது தங்கள் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கிற உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது என்பது என் கருத்து. மகள் கோபித்தால் கோபிக்கட்டும்.

வீட்டுப் பிளான் தகுதியுள்ளவர் கீறிக் கையொப்பமிட்டதாக இருக்க வேண்டும். அதில் இருக்கிற வீடு, வரப்போகிற வீடு, கிணறுகள், குழிகள், பாதை எல்லாம் காட்டியிருக்க வேண்டும். கூடவே உறுதிப் பிரதி, அளவைப் படம், சபைக்குச் சோலைவரி (வீட்டு வரி) கட்டிய பற்றுச்சீட்டு, மேலே சொன்ன சான்றிதழ்கள். வேறென்ன வேண்டும் என்று சபை தரும் விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கும். தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், திட்டமிடல் குழுவுக்குப் போகும், பிறகு அனுமதி. அனுமதி பொதுவாக ஓராண்டுக்குத்தான். கட்டி முடியாவிட்டால் காலாவதியாகுமுன் நீடிக்கக் கேளுங்கள்.

அனுமதி இல்லாமல் கட்டினால் சபை நிறுத்தச் சொல்லலாம். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் உடைக்கிற கட்டளை வாங்கலாம். பெரும்பாலும் அயலவர் ஒருவரின் முறைப்பாட்டில்தான் அது தொடங்கும். அவர் வளவுக்குள் உங்கள் கூரைத் தண்ணீர் விழாமல் பார்த்துக்கொள்வது விதிக்காக மட்டும் அல்ல.

ஏழாம் படி: குடிபுகுமுன்

கட்டி முடித்ததும் பால் காய்ச்ச நாள் பார்க்கிறோம். அதற்கு முன் சபையிடம் அமைவுச் சான்றிதழ் எடுக்க வேண்டும், சபையில் சீ.ஓ.சீ. என்றால்தான் விளங்கும். பிளானில் இருப்பதும் நிலத்தில் நிற்பதும் ஒன்றா என்று வந்து பார்த்துத் தருவது அது. பிறகு வங்கிக் கடனுக்குப் போனாலும் விற்கப் போனாலும் இதைக் கேட்பார்கள். மின்சாரத்துக்குத் தனி மீற்றர் எடுங்கள். யூனிற் கூடக்கூட விலை ஏறுகிற கணக்கில் இரண்டு குடும்பம் ஒரு மீற்றரில் ஓடினால் சண்டை வருவது நிச்சயம்.

எங்களுக்குச் சீ.ஓ.சீ. பார்க்க வந்த அன்று எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. மேசன் ஐயாவும் தங்கச்சியும் சேர்ந்து, கச்சான் காற்று வரட்டும் என்று, எல்லையோடு ஒட்டிய சுவரில் எனக்குத் தெரியாமல் ஒரு யன்னல் வைத்திருந்தார்கள். எல்லைச் சுவரில் யன்னலோ காற்றுத் துவாரமோ கூடாது. உத்தியோகத்தர் சிரித்துக்கொண்டே, அடைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று போனார். அன்று பின்னேரமே கல் வைத்து அடைத்தோம். யன்னல் பலகையை மட்டும் கழற்ற மனமில்லாமல் உள்பக்கம் அப்படியே விட்டிருக்கிறாள். அதில் இப்போது பிள்ளையார் இருக்கிறார்.