வாயை ஊதச் சொன்னால் தெரியாது: கொக்கைன் பழக்கத்தைக் கண்டறிவதில் வீட்டார் செய்யும் தவறுகள்

எங்கள் பக்கத்து வீடுகளில் பிள்ளை மேல் சந்தேகம் வந்தால் முதலில் வாயை ஊதச் சொல்வார்கள். "ஊதுடா பார்க்கலாம்" என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். நாற்றம் இல்லை என்றால் உள்ளே விட்டுச் சோறு போடுவார்கள். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை எங்கே போனாலும் குடியைத் தலைமுறையாகப் பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். தள்ளாட்டம், குழறல், சிவந்த கண் இதையெல்லாம் தெருமுனையில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். மூக்கால் இழுக்கும் வெள்ளைப் பவுடர் போதையான கொக்கைன் விஷயத்தில் அந்த அனுபவமே அவர்களை ஏமாற்றிவிடுகிறது.

குடி மூளையை மந்தமாக்கும். கொக்கைன் அதைத் துரிதப்படுத்தும். போட்டவன் தள்ளாட மாட்டான், குழற மாட்டான், வாயில் நாற்றமும் வராது. நிமிர்ந்து நடப்பான், வேகமாகப் பேசுவான், பசிக்கிறது என்று சொல்ல மாட்டான், நள்ளிரவில் பீரோவை இழுத்துப் போட்டுத் துணி அடுக்குவான். "இப்பத்தான் பையன் சுறுசுறுப்பா இருக்கான்" என்று அம்மா சந்தோஷப்படுவார். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. குடியின் அடையாளங்களைத் தேடுகிறோம், அவை இல்லை என்றதும் பயம் விட்டுப்போகிறது.

கண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரிந்து பார்க்க வேண்டும். கஞ்சாவில் வெள்ளை விழி சிவக்கும். எங்கள் பகுதிகளில் அதிகம் அடிபடும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளில் கருவிழியின் நடுவே இருக்கும் பாவை ஊசிமுனை போலச் சுருங்கும், ஆளும் உட்கார்ந்த இடத்தில் சொக்கி விழுவான். கொக்கைனில் அதற்கு நேர்மாறாக, நல்ல வெளிச்சத்தில் நிற்கும்போதுகூடப் பாவை அகலமாக விரிந்திருக்கும். மூன்றுக்கும் மூன்று விதமான கண். சிவப்பை மட்டும் தேடுகிறவர் மற்ற இரண்டையும் தவறவிடுவார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கண் ஆஸ்பத்திரியில் போடும் சொட்டு மருந்தாலும், வேறு சில மாத்திரைகளாலும், வெளிச்சம் குறைந்த அறையிலும் பாவை விரியும். அதனால் கண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்தது, "அதெல்லாம் நுங்கம்பாக்கம், ஈ.சி.ஆர். பார்ட்டிக்காரங்க சமாச்சாரம், நம்ம ஏரியாவுல ஏது?" என்ற நம்பிக்கை. விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பார்ட்டிகளில் லைட் கட்டுவதும், சவுண்ட் பாக்ஸ் தூக்குவதும், காரை எடுத்து நிறுத்துவதும், வாசலில் பவுன்சராக நிற்பதும் யார்? நம் பிள்ளைகளும்தான். முதல் தடவை யாரும் காசு கேட்பதில்லை. கூட வேலை செய்கிறவன் நட்பாகக் கொடுப்பான். விடிய விடிய நிற்கிற வேலையில், தூக்கம் வராது என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஒரு களைப்பு போதும். ஏழைக்கு இது வராது என்று நம்புகிற குடும்பம் மாதக்கணக்கில் எதையும் கவனிக்காமலே இருந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது, எனக்கு அதில் கோபமே உண்டு. முடிக்குக் கலர் அடித்திருந்தால், கழுத்தில் டாட்டூ இருந்தால், கானா கேட்டுக்கொண்டு பைக்கில் மூன்று பேராகப் போனால் உடனே "போதை கேஸ்" என்று முத்திரை குத்துவது. வடசென்னைப் பையன்களை வெளியே இருக்கிறவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் பார்க்கிறார்கள். வீட்டிலும் அதே பார்வை என்றால் அவன் எங்கே போவான்? முடியும் உடையும் எதையும் சொல்லாது. அவன் முன்பு எப்படி இருந்தான், இப்போது எப்படி இருக்கிறான் என்ற வித்தியாசம்தான் சொல்லும்.

அந்த வித்தியாசத்தை ஒரே நாளில் பிடிக்க முடியாது. மூக்கால் இழுக்கும் கொக்கைனின் வேகம் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம் வரைதான் நிற்கும். அது இறங்கியதும் மறுபடியும் தேடும். அதனால் கல்யாண வீட்டிலோ நண்பர்கள் கூட்டத்திலோ அடிக்கடி பாத்ரூமுக்குப் போவதும், திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவதும் நடக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பது, சளி இல்லாமல் மூக்கு ஒழுகுவது, மூக்கில் ரத்தம், தாடையை அரைப்பது, கை நடுக்கம் எல்லாம் சேர்ந்து வரலாம். எல்லாம் முடிந்த பிறகு சரிவு வரும். ஒரு முழு நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்குவான், எழுந்ததும் அள்ளி அள்ளிச் சாப்பிடுவான், பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். வெள்ளி, சனி ராத்திரி துள்ளல், ஞாயிறு முழுக்கத் தூக்கம், திங்கள் செவ்வாயில் எரிச்சல் என்று வாரா வாரம் ஒரே வரிசையில் வந்தால் அது கவனிக்க வேண்டிய வரிசை. "அசதியில தூங்கட்டும், பாவம்" என்று விட்டுவிடுகிற அந்த ஞாயிறுதான் பெரிய தடயம்.

அதனால் சமையலறைக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் சின்னதாகக் குறித்து வையுங்கள். எப்போது தூங்கினான், சாப்பிட்டானா, எவ்வளவு பணம் கேட்டான், சண்டை எதற்கு வந்தது. மூன்று நான்கு வாரம் போனதும் அது பேசும். டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டரையே கொண்டுபோகலாம்.

பழக்கம் முற்றினால் சந்தேகம் தலைதூக்கும். யாரோ பின்தொடர்கிறார்கள், போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்பான். தோலுக்கு அடியில் பூச்சி ஊர்கிறது என்று சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. அந்த நேரத்தில் பேய் பிடித்துவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மந்திரிக்க அழைத்துப் போவது காலத்தை வீணாக்கும். கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டுவதை நான் தடுக்க மாட்டேன், பலருக்கு அது மனபலம். கட்டிய கையோடு டாக்டரிடமும் கூட்டிப் போங்கள்.

ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு கட்டுவதும் ஆபத்து. உடம்பு இளைத்துக்கொண்டே போனால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். இளைப்பு, படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் நான்கும் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வரும். ராத்திரி தூங்காமல், அளவில்லாமல் பேசி, கையில் இருந்ததையெல்லாம் செலவழிப்பது மனநோயின் ஒரு கட்டமாகவும் இருக்கலாம். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் பார்ப்பவனுக்குத் தூக்கம் தலைகீழாகத்தான் இருக்கும். மணலி, எண்ணூர் ஆலைப் புகைக் காற்றில் வாழ்கிறவனுக்கு மூக்கு ஒழுகுவதும் அதிசயமில்லை. இதையெல்லாம் பார்க்காமல் "நீ பவுடர் போடுற" என்று பாய்ந்தால், நிரபராதியாக இருந்தால் மனம் உடைவான், பழக்கம் இருந்தால் மறைப்பதில் கெட்டிக்காரனாகிவிடுவான்.

மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்கி, மிரட்டிச் சிறுநீர் பிடித்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எப்போதாவது எடுப்பவருக்குக் கொக்கைனின் தடயம் சிறுநீரில் பொதுவாக 2 முதல் 4 நாட்கள் வரைதான் தெரியும். சனிக்கிழமை எடுத்தவனை வெள்ளிக்கிழமை சோதித்து "ஒண்ணுமில்ல" என்று நிம்மதி அடைவது பொய் நிம்மதி. பரிசோதனையை டாக்டர் எழுதிக் கொடுத்துச் செய்வதுதான் சரி.

சரி, சந்தேகம் வலுத்துவிட்டது. எப்போது பேசுவது? போதை ஏறியிருக்கும்போது பேசக் கூடாது. அப்போது அவன் காதில் எதுவும் ஏறாது, கை ஓங்கவும் கூடும். சரிவில் கிடந்து, தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு பேசுங்கள். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று பஞ்சாயத்துக் கூட்டாதீர்கள். அவன் யார் பேச்சுக்குக் கொஞ்சமாவது அடங்குவானோ அந்த ஒருவர் போதும், கால்பந்துக் கோச்சாகவும் இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம். "தம்பி, மூணு வாரமா ராத்திரில நீ தூங்கல. போன ஞாயித்துக்கிழமை எழுந்திருக்கவே இல்ல. மூக்குல ரத்தம் வந்துச்சு. எனக்குப் பயமா இருக்கு, என்னன்னு சொல்லு" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "குடும்ப மானத்த வாங்கிட்ட" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முதல் நாள் இல்லவே இல்லை என்று சாதிப்பான். பரவாயில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு வாருங்கள்.

பணம் கொடுக்காதீர்கள். கந்துக்காரர் வாசலில் நின்று கத்துகிறார் என்று நகையை வைத்து அடைத்தால் அடுத்த கடனுக்கு நாமே வழி விடுகிறோம். சாப்பாடு, பஸ் பாஸ், மருந்து இவற்றை வாங்கிக் கொடுங்கள், கையில் ரொக்கம் வேண்டாம். பிறகு, "ஒரு கால்கட்டுப் போட்டா திருந்திடுவான்" என்ற பேச்சு. ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்துச் சிகிச்சை செய்யக் கூடாது. பழக்கத்தை மறைத்துக் கல்யாணம் பேசுவதைப் போல ஒரு துரோகம் இல்லை. "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் செய்யும் பவுடர்களையும் நம்பாதீர்கள். கொக்கைன் பழக்கத்தைப் போக்கும் என்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை கிடையாது. கவுன்சலிங்கும் தொடர்ச்சியான மனநலச் சிகிச்சையும்தான் வழி. அப்படியிருக்க, தெரியாமல் எதைக் கலக்கிறீர்கள்?

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். இருபத்தைந்து வயதுப் பையன் நெஞ்சு வலிக்கிறது என்றால் நம் வீடுகளில் சோடா கொடுப்போம், ஜெலுசில் கொடுப்போம், "கேஸ்தான், நடந்தா சரியாயிடும்" என்போம். கொக்கைன் இதயத்தின் ரத்தக் குழாயைச் சுருக்கி, துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றுகிறது. எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் பல மடங்கு உயர்கிறது, இளம் வயது என்பது காப்பாற்றாது. கூடவே குடித்திருந்தால் கல்லீரலில் இரண்டும் சேர்ந்து கோகாஎத்திலீன் என்ற வேறொரு பொருளாக மாறும். அது உடம்பில் கொக்கைனைவிட அதிக நேரம் தங்கும், இதயத்துக்கும் கூடுதல் கேடு. நெஞ்சு வலி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, மயக்கம், உடம்பு நெருப்பாகக் கொதித்துக் குழப்பமாகப் பேசுவது, இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். தூங்க வைத்துக் காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபின் செய்யும் தவறு உண்மையை மறைப்பது. "ஒண்ணும் சாப்பிடல சார்" என்று நண்பர்கள் சொல்வார்கள், அம்மாவும் தலையாட்டுவார். மாரடைப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மருந்துகளைக் கொக்கைன் எடுத்தவருக்குக் கொடுக்க டாக்டர்கள் யோசிப்பார்கள். என்ன எடுத்தான், எப்போது, கூடக் குடித்தானா என்று தெரிந்தால்தான் சரியான மருந்து போகும். டூட்டி டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.

போலீஸ் பயம்தான் பல பேரை வாய் திறக்கவிடாமல் தடுக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கொக்கைன் எடுத்துக்கொள்வதற்கு ஓர் ஆண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. போதைப்பழக்கத்துக்கு அடிமையாகி, எடுத்துக்கொண்ட குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். விற்றவர்களுக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே வழக்கு இருந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவைக் கேளுங்கள்.

எங்கே போவது? ஸ்டான்லியின் மனநலப் பிரிவில் காலை ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். அயனாவரம் பக்கம் இருக்கும் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம், நாம் "கீழ்ப்பாக்கம்" என்று சொல்லும் அதே இடம். 1794-இல் தொடங்கிய மருத்துவமனை. அதன் பெயரைத் திட்டும் வார்த்தையாக வைத்திருப்பதால் பெரம்பூரில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் போகக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தில் ஊர்ப் பெயர் தெரியாத தனியார் மையத்துக்குக் கடன் வாங்கிக் கட்டி, அங்கே அடி வாங்க வைக்கிறார்கள். தனியார் மையத்துக்குப் போவதென்றால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், டாக்டர் எந்த நேரத்தில் வருகிறார் என்று கேளுங்கள், பிள்ளையைப் பார்க்க எப்போது விடுவார்கள் என்று கேளுங்கள். "மூணு மாசம் பார்க்கவே கூடாது" என்றால் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நேரில் போகுமுன் போனில் பேச வேண்டும் என்றால் போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இரண்டும் இலவசம்.

பழக்கத்தை விட்ட முதல் வாரங்களில் பையன் அமைதியாக இருக்கிறானே என்று அசந்துவிடக் கூடாது. எதிலும் ருசி இல்லாமல், வாழ்வதே சுமையாகத் தோன்றும் காலம் அது. செத்துப் போகலாம்போல் இருக்கிறது என்று விளையாட்டாகச் சொன்னாலும் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். சம்பள நாளும் பழைய நண்பனின் ஒரு மெசேஜும் மறுபடி இழுக்கலாம். அப்படி ஒரு தடவை சறுக்கினால் "எல்லாம் வீண், இவன் திருந்த மாட்டான்" என்று வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். சறுக்கல் இந்த நோயில் நடப்பதுதான். அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்காமல் மறுநாள் காலையே அதே டாக்டரிடம் கூட்டிப் போய், என்றைக்கு, யாரோடு இருந்தபோது நடந்தது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.