நண்பர்கள் ஆட்டத்தில் கண்ட்ரோல் டெக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலை முடிந்து நான்கு பேர் ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற கார்டு விளையாட்டை ஆட உட்காரும்போது, ஒருவர் கண்ட்ரோல் டெக்கை (கார்டுக் கட்டை) எடுத்தால் மற்றவர்களின் முகம் சுருங்கிவிடுகிறது. எதிராளியின் கார்டுகளைத் தடுத்தும் அழித்தும் ஆடும் பாணி இது. 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே, எதிராளி இறக்கும் கார்டைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல்லும் ராத் ஆஃப் காடும் இருந்தன. பாணியின் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஆடுகிறவர்கள் செய்யும் சில தவறுகள்தான் ஆட்டத்தைக் கெடுக்கின்றன.

அவற்றில் பெரியது, ஜெயிக்க வழி வைத்துக்கொள்ளாமல் தடுத்துக்கொண்டே இருப்பது. நான்கு மனா (நிலக் கார்டுகள் தரும், கார்டை இறக்கச் செலவழிக்கும் சக்தி) கொடுத்து ராத் ஆஃப் காட் போட்டால் மேசையிலுள்ள உயிரினங்கள் எல்லாம் அழிந்துவிடும். அடுத்த சில சுற்றுகளில் ஆட்டத்தை முடிக்க உங்களிடம் கார்டு இருந்தால், அது ரசிக்கத்தக்க ஆட்டம். இல்லையென்றால் மூன்று பேரும் வெறும் மேசையில் மறுபடி தொடங்க வேண்டும். கொஞ்சம் சேர்த்ததும் மறுபடி துடைத்துவிடுவீர்கள். கமாண்டர் என்ற தலைமைக் கார்டைச் சுற்றி நூறு கார்டு டெக் கட்டி ஆடும் கமாண்டர் வகையில் ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி வேறு. மணி பதினொன்றைத் தாண்டும், கேஎல் சென்ட்ரலில் ரயில் பிடிக்க வேண்டியவர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், யாரும் ஜெயித்திருக்க மாட்டார்கள். நூறு கார்டுகளில் முடிக்கும் கார்டு நான்கைந்தாவது இல்லாமல் அந்த டெக்கைக் கொண்டுவராதீர்கள்.

ஒருவரையே குறிவைப்பதும் தவறு. தடுக்கப்பட்ட கமாண்டரை மீண்டும் இறக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு மனா கூடும். மூன்று மனா கமாண்டர் மூன்றாம் முறை ஏழு மனா கேட்கும். அதை நம்பியே டெக் கட்டிய புதியவர், நிலத்தை வைத்துவிட்டு முறையைக் கடத்துவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. அப்படி வெறுத்துப் போனவர் மறுவாரம் வருவாரா? ஆட்டத்தையே முடிக்கப்போகும் கார்டு வரும்வரை கவுண்டர்ஸ்பெல்லைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஆர்மகெடான் போல எல்லா நிலங்களையும் அழிக்கும் கார்டுகளை முன்கூட்டியே சொல்லாமல் இறக்க வேண்டாம். டெக்குகளின் பலத்தைப் பிரித்துக்காட்ட கமாண்டர் வகைக்கு 2025-இல் வகுக்கப்பட்ட ஐந்து படிநிலைகளில் முதல் மூன்றில் இவற்றுக்கு இடமே இல்லை.

எதிரே இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கையிலுள்ள உயிரினங்களை எல்லாம் மேசையில் கொட்டிவிட்டு, துடைத்த பிறகு புலம்பாதீர்கள். இரண்டையாவது ஒதுக்கி வையுங்கள். நீங்கள் மூன்று பேர், அவர் ஒருவர். ஒருவர் ஆசைகாட்டும் கார்டை இறக்கி அவருடைய மனாவைச் செலவழிக்க வைத்தால், அடுத்தவரின் கார்டு தடையில்லாமல் மேசைக்கு வந்துவிடும்.