காவிரிக் கரையில் நகல் கொலையாளி: முதல் துப்பறியும் நாவல் எழுதுவது எப்படி?

துப்பறியும் கதை என்றால் ‘யார் செய்தது?’ என்று கேட்போம். பழைய கொலைகளைப் பார்த்து அப்படியே செய்பவனைத் தேடும் கதையில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: ‘இவனுக்கு அது எப்படித் தெரியும்?’ இதை விடாமல் பிடித்துக்கொண்டால் முதல் நாவலையே தைரியமாக எழுதலாம்.

முதலில், பழைய வழக்கை முழுசாக எழுதி முடியுங்கள். நாவலில் பத்துப் பக்கம்கூட வராது, ஆனாலும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, இருபது வருடத்துக்கு முன் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் வாய்க்கால்களில் மூன்று பிணங்கள். ஒவ்வொன்றின் இடது மணிக்கட்டிலும் வைக்கோலை முறுக்கிக் கட்டிய பிரி. கொலைகாரன் சிறையிலேயே செத்துவிட்டான்.

அடுத்ததுதான் உயிர்நாடி. நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் செய்தித்தாளும் டீக்கடையும் அறிந்தது. மறு பாதியில் போலீஸ் கோப்பு மட்டும் அறிந்தது. இரண்டுக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு பிழை வையுங்கள்: செய்தியில் ‘வலது கை’ என்று அச்சாகிவிட்டது. இன்று கிடைக்கும் புதுப் பிணத்தில் பிரி வலது கையில் இருந்தால், செய்தவன் பேப்பர் படித்தவன். அடுத்த பிணத்தில் அது இடது கைக்கு மாறினால்? நடுவில் அவனுக்குக் கோப்பு கிடைத்திருக்கிறது! ஸ்டேஷன் ரைட்டர், போட்டோ எடுத்தவர், பிணவறை ஊழியர், பிரேத விசாரணையில் கையெழுத்துப் போட்ட பஞ்சாயத்தார் என்று சந்தேகப் பட்டியல் தானாக வந்துவிடும்.

பிறகு தண்ணீர்க் கணக்கு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேரச் சில நாள் ஆகும். மார்ச்சில் கொலை என்றால் வறண்ட மணல். ஆகஸ்டில் என்றால் பிணம் ஊர் தாண்டிப் போயிருக்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலமாக இருந்தால் வாய்க்கால் மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர்தான் முக்கிய சாட்சி:

“ஷட்டர எப்ப எறக்குனீங்க?”

“நேத்து சாயங்காலமே எறக்கிட்டேம்மா. காலையில வந்து பாக்குறேன், ஒரு சாண் ஏறியிருக்கு. சாவி எங்கிட்டதான் இருக்கு.”

இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டுப் பதில் சொல்லக் கூடாது. அத்தியாயத்தை அங்கேயே நிறுத்துங்கள், வாசகர் அந்த ஒரு சாணை நினைத்துக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டட்டும்.

சட்டத்தில் கவனம் தேவை. 2024 ஜூலை 1க்கு முந்தைய கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302. அன்று முதல் நடப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 103. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து மட்டும் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க முடியாது. அதனால் ஸ்டேஷனில் அவன் அழுது ஒப்புக்கொள்வதோடு நாவலை முடிக்காதீர்கள். ஷட்டர் சாவி போல கையில் எடுத்துக் காட்டும்படி ஏதாவது வேண்டும்.

செத்தவர்களை வெறும் தடயமாக விடுவது எனக்குப் பிடிப்பதில்லை. நடவுக்குப் போகும் பெண் என்றால் அவள் யாருக்குக் கடன் பாக்கி, யாரோடு பேசுவதில்லை என்பதை அவள் உயிரோடு இருக்கும்போதே ஒரு அத்தியாயத்தில் காட்டுங்கள்.

கடைசியாக, அந்த நோட்டுப் பக்கத்தை மறுபடி எடுங்கள். நகல் கொலையாளி செய்யும் ஒவ்வொன்றுக்கும் எதிரே அவன் அதைத் தெரிந்துகொண்ட இடத்தைக் குறியுங்கள். குறிக்க முடியாததை அடித்துவிட்டு அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள்.