பாலைவனத்தில் பிள்ளைகளோடு நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் சித்தப்பாவோ அத்தையோ இருக்கும் குடும்பங்கள் நம் சுங்கை சிப்புட்டிலும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேரம் பறந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அங்கிருந்து வடக்கே 200 கிலோமீட்டர் வாக்கில் நம்பங் தேசியப் பூங்கா இருக்கிறது. மஞ்சள் மணலில் ஆளுயரத்துக்கும் மேலாகச் சுண்ணாம்புக்கல் தூண்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் இடம் அது. இன்னும் வடக்கே போனால் கல்பாரி பள்ளத்தாக்கு. சிலர் நடுப் பாலைவனத்தில் இருக்கும் உலுரு என்ற பெரும்பாறை வரைக்கும் திட்டம் போடுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், நல்ல இடங்கள்தான். ஆனால் கிளம்பும் முன் எல்லா வீட்டிலும் ஒரு பேச்சு வரும்: "தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, நாம பார்க்காத வெயிலா?" பெரும்பாலான தவறுகளுக்குப் பிள்ளையார் சுழி இதுதான்.

நம் வெயில் ஈர வெயில். பத்து நிமிடம் நடந்தால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகள் தாங்களாகவே தண்ணீர் கேட்பார்கள். பாலைவனக் காற்றில் ஈரமே இல்லை. வியர்வை வெளியே வந்த நொடியே காய்ந்துவிடும். பையன் தோல் உலர்ந்திருப்பதைப் பார்த்து, அவனுக்கு வியர்க்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறான் என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே உடம்பு தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நேரம் பார்த்து, கேட்காவிட்டாலும் சில மடக்கு கொடுக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, பல மணி நேரம் போகாமலே இருந்தாலோ, தண்ணீர் போதவில்லை என்று பொருள். சுறுசுறுப்பான பிள்ளை திடீரென்று சிணுங்குவதும், தலைவலி, குமட்டல் என்பதும் அடம் அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், துணியை நனைத்துப் போர்த்தி, விசிறிவிடுங்கள். பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்? வெப்பமான நாளில் நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்பது உலுரு பூங்காவின் அறிவுரை. பிள்ளைகள் அவ்வளவு குடிக்கப்போவதில்லை. இருந்தாலும் நாலு பேர் கொண்ட குடும்பம் இரண்டு மணி நேரம் நடந்தால் எட்டு லிட்டர், அதாவது எட்டுக் கிலோ. அதை யார் சுமப்பது என்று யோசித்தாலே எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். ஆளுக்கு ஒரு சின்னப் புட்டி, மிச்சம் காரில் இருக்கிறது என்பது கணக்கில் சேராது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருப்பதும் சரியில்லை. உப்பு பிஸ்கட்டோ, கிளினிக்கில் கிடைக்கும் உப்புக் கரைசல் பொட்டலமோ கூட இருக்கட்டும். 100 பிளஸ் போன்ற உப்புச் சத்துப் பானமும் குடிக்கலாம், தண்ணீருக்குப் பதிலாக அல்ல.

அடுத்தது நேரம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் இதைச் சொல்லித் தர வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. விடியும் முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, வெயில் ஏறுவதற்குள் மரம் சீவி முடித்தல், மதியத்துக்கு முன் பால் நிறுத்துக் கொட்டுதல் என்று ஓடிய வாழ்க்கை அது. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் வந்த ஒழுங்கு. பாலைவனத்தில் நடப்பதற்கும் அதே அட்டவணைதான். உலுரு பூங்காவில் இருக்கும் காத்தா ஜூத்தா என்ற பாறைக் குன்றுகளில், 36 டிகிரி அல்லது அதற்கு மேல் வெப்பம் என்று வானிலை அறிக்கை சொன்னால், 'காற்றுப் பள்ளத்தாக்கு' பாதையில் ஒரு பார்வையிடத்துக்கு அப்பால் காலை 11 மணிக்கே மூடிவிடுகிறார்கள். நாமோ விடுமுறைதானே என்று பத்து மணிக்குப் பசியாறி, கிளம்பி, உச்சி வெயிலில் போய் இறங்குவோம்.

சரி, பெர்த்திலிருந்து நாலு மணிக்கே கிளம்பினால்? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இருட்டிலும் விடியலிலும் அந்தியிலும் கங்காருகள் சாலையைக் கடக்கும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்று வாடகைக் கார் ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள், படித்துப் பாருங்கள். அதனால் முதல் நாளே போய், பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்வாண்டிஸ் என்ற சின்ன ஊரில் தங்கிவிடுவதே என் யோசனை. ஓர் இரவுக் காசு கூடத்தான் ஆகும். தூண்களுக்கு நடுவே ஏறக்குறைய நாலு கிலோமீட்டருக்குக் கார்ப் பாதையும் இருக்கிறது. கைக்குழந்தையோ முழங்கால் வலிக்கும் பாட்டியோ உடன் வந்தால், அதில் போய் அங்கங்கே இறங்கிப் பார்த்தால் போதும்.

நம் ஆண்டிறுதி விடுமுறையில் அங்கே கோடை உச்சத்தில் இருக்கும். முடிந்தால் ஆகஸ்ட், செப்டம்பர் பக்கம் போங்கள், மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டுப்பூக்கள் பூக்கும் காலமும் அதுதான். ஜூலையில் உலுரு போகிறவர்கள் குளிராடை மறக்க வேண்டாம், இரவில் பூஜ்யத்துக்கும் கீழே போவது உண்டு.

"எங்க பையன் கிளேடாங் மலையே ஏறிட்டான்" என்று நம்பிக்கையோடு நீளப் பாதையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஈப்போ கிளேடாங்கில் மரநிழல் உண்டு. அதோடு மலையில் களைத்த பிள்ளைக்குத் திரும்பும் வழி இறக்கம். கல்பாரி போன்ற பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். குளிர்ந்த காலையில் சிரித்துக்கொண்டு இறங்குவார்கள், வெயில் ஏறிய பிறகு, கால் ஓய்ந்த பிறகு ஏற வேண்டும். சுற்றியிருக்கும் பாறையும் சூட்டைத் திருப்பி வீசும், அடியில் மேலே இருப்பதைவிட வெக்கை அதிகம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கல்பாரியில் ஜன்னல் போல ஓட்டை விழுந்த பாறைச் சாளரம் வரை போய்வரும் ஒரு கிலோமீட்டர் போதும். உலுருவில் பாறைமேல் ஏறிய பழைய படத்தைக் காட்டி யாராவது ஆசை காட்டினால், அது முடியாது. நிலத்துக்கு உரிய அனாங்கு மக்களின் விருப்பப்படி 26 அக்டோபர் 2019 முதல் ஏறுவது தடை. சுற்றிவரும் பாதை 10.6 கிலோமீட்டர், அதையும் பிள்ளைகளோடு முழுசாக முடிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

காலில் ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். முள், சூடான கல், பாம்பு என்று மூன்று காரணம் இருக்கிறது. புதுக் காலணியை அங்கே போய்ப் பிரிக்காமல், இங்கேயே செம்பனைத் தோட்டப் பாதையில் சில வாரம் நடக்கவிட்டுப் பழக்குங்கள். நம் தோல் கறுப்பு, வெயில் கிரீம் எதற்கு என்ற பேச்சும் வேண்டாம், அந்த வெயில் நம்மையும் சுடும். அகலமான தொப்பி, ஈக்களுக்கு முகவலை. ஈ என்றால் நம் சந்தை ஈ மாதிரி இல்லை, கண்ணிலும் மூக்கிலும் உட்கார வரும்.

வழிக்குத் தின்ன முறுக்கு கொண்டுபோனால் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். பழம், கறிவேப்பிலை, இறைச்சி எதுவும் பையில் வேண்டாம். மறைத்து மாட்டினால் அந்த இடத்திலேயே அபராதம் போடுவார்கள்.

கடைசியாக, தொலைந்து போவது. ஒரே மாதிரித் தூண்கள் நிற்கும் இடத்தில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடாமல் இருப்பார்களா? பளிச்சென்ற நிறத்தில் சட்டை, கழுத்தில் ஒரு விசில். வழி தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று ஊது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஊரை விட்டு விலகினால் பல இடங்களில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். கார் நின்றுபோனால் காரை விட்டு நடக்காதீர்கள், தேடுபவர்களுக்கு மனிதரைவிடக் கார்தான் முதலில் கண்ணில் படும். அவசர எண் 999 அல்ல, 000. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைப் பெர்த்தில் இருக்கும் சித்தப்பாவிடம் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். அந்த நேரம் தாண்டியும் அழைப்பு வரவில்லை என்றால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.