‘இர்ரெசிஸ்டிபிள்’ என்றால் ‘தவிர்க்க முடியாத’ அல்ல

சில வருடங்களுக்கு முன் ஒரு விடுப்புக் கடிதம் என் மேஜைக்கு வந்தது. ‘டியூ டு இர்ரெசிஸ்டிபிள் சர்கம்ஸ்டன்சஸ்’ வேலைக்கு வர இயலவில்லை என்று எழுதியிருந்தார் அந்தத் தம்பி. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று சொல்ல நினைத்திருக்கிறார். ஆனால் ஏதோ ஒன்று சுண்டி இழுத்ததால் ஆபீஸ் பக்கம் வரவில்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. பாவம், அவருக்குக் காய்ச்சல்.

தமிழ்ச் சொல்தான் இங்கே காலை வாருகிறது. இடமாற்றம், மழை, முதுமை எல்லாம் நமக்குத் ‘தவிர்க்க முடியாதவை’. ஆங்கிலத்தில் அவை ‘அனவாய்டபிள்’ அல்லது ‘இனெவிட்டபிள்’. மாலை நாலு மணிக்குத் தெருமுனையில் போடுகிற வாழைக்காய் பஜ்ஜிதான் ‘இர்ரெசிஸ்டிபிள்’. வேண்டுமானால் அடுத்த தெரு வழியாகப் போகலாம், யாரும் தடுக்கவில்லை. கால்தான் கேட்காது. ஆக, அன்றாடப் பேச்சில் மனசு மசிகிற இடத்தில் மட்டும் இந்தச் சொல்லைப் போடுங்கள். தமிழில் ‘சுண்டி இழுக்கும்’ என்பதே இதற்குக் கிட்டத்தட்ட சரியான சொல்.

அடுத்தது கொஞ்சம் சிரிப்பான தவறு. ‘ஐ ஆம் இர்ரெசிஸ்டிபிள் டு பிரியாணி.’ இதன்படி பிரியாணிதான் உங்களைப் பார்த்து எச்சில் ஊறுகிறது! இழுக்கிற பொருள்தான் இர்ரெசிஸ்டிபிள்; இழுபடுகிற ஆள் ‘டு’வுக்குப் பின்னால் வருவார். ‘பிரியாணி இஸ் இர்ரெசிஸ்டிபிள் டு மீ.’ இல்லையென்றால், ‘ஐ கான்ட் ரெசிஸ்ட் பிரியாணி’ என்று எளிதாக முடித்துவிடலாம். ‘ரெசிஸ்ட்’டுக்குப் பிறகு வினை வந்தால் ‘ஈட்டிங்’. ‘டு ஈட்’ வராது. சபலத்துக்கு அசையாத ஆளைச் சொல்ல வேண்டுமா? ‘ரெசிஸ்டன்ட் டு டெம்ப்டேஷன்’.

எழுத்துப் பிழைக்கு வருவோம். முன்னால் இரண்டு ‘ஆர்’. ‘இன்’ என்ற எதிர்மறை முன்னொட்டு ‘ஆர்’ முன் வந்தால் ‘இர்’ ஆகிவிடும். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது போல ஒரு புணர்ச்சிதான். இர்ரெகுலர், இர்ரெலவன்ட் எல்லாம் இதே கதை. கடைசியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘ரெசிஸ்ட்’ முழுச்சொல்லாக நிற்பதால், ‘அவாய்டபிள்’ மாதிரி ‘ஏ’ போடத் தோன்றும். கூடாது, ‘ஐ’தான். லத்தீன் வழி வந்த சொல், அதன் பழக்கம் அப்படி. கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: ஐபிஎல், அதன் பின்னால் ஒரு ‘இ’. பி மட்டும் பிரீமியரின் பி இல்லை, பெங்களூருவின் பி.

நம் நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘இர்ரெசிஸ்டிபிள் கன்குளூஷன்’ என்று அடிக்கடி வரும். அங்கே சபலம் எதுவும் கிடையாது; சாட்சியங்கள் வேறு முடிவுக்கு வழிவிடவில்லை என்று பொருள். ‘இர்ரெசிஸ்டிபிள் இம்பல்ஸ்’ வேறு. அடக்கவே முடியாத உந்துதல் அது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அது மனநலம் சார்ந்த எதிர்வாதமாக இருந்திருக்கிறது. இங்கே பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும், செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத மனநிலையில் குற்றம் சாட்டப்பட்டவர் இருந்தாரா என்றுதான் கேட்கின்றன. ‘அடக்க முடியவில்லை, ஐயா’ என்பது மட்டும் அங்கே எடுபடாது.