நீலச் சுவரும் கள்ளிச்செடியும்: மராக்கேஷ் மஜோரெல் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு முன்னால் நாற்பது தொட்டி கள்ளி வைத்திருக்கிறேன். செப்டம்பர், அக்டோபர் மழை வந்தால் ஐந்தாறு தொட்டியாவது அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். மேலே தகடு போட்டுப் பார்த்தேன், மண்ணில் பாதி மணல் கலந்து பார்த்தேன். பினாங்கு மழை விடுவதாக இல்லை. அதனால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தங்கை போன் போட்டு, “அக்கா, மொரோக்கோ போறோம், நீயும் வரியா?” என்றதும் நான் கேட்டது ஒன்றுதான்: மராக்கேஷில் அந்தக் கள்ளித் தோட்டத்துக்கு ஒரு நாள் ஒதுக்குவாயா?

போய் வந்ததிலிருந்து, இங்கே பினாங்கின் தாவரவியல் பூங்காவான தண்ணீர்மலைப் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் சீட்டு. வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தோட்டத்தின் சொந்த இணையதளத்தில்தான் விற்கிறார்கள், நாளும் நேரமும் குறித்து. கூகுளில் தேடினால் அதற்கு மேலே வேறு தளங்கள் வந்து நிற்கும். தங்கை அவசரப்பட்டு அப்படி ஒன்றில் வாங்கி, எங்கள் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு விலை கொடுத்தாள். அந்தத் தளத்தின் முகப்பிலும் அதே நீலச் சுவர் படம். யாராக இருந்தாலும் ஏமாறத்தான் செய்வார்கள். பணம் கட்டுவதற்கு முன் அது தோட்டத்தை நடத்தும் அறக்கட்டளையின் தளம்தானா என்று ஒரு தடவை பாருங்கள். விலை 150 மொரோக்கோ திர்ஹாமுக்கு மேல். ரிங்கிட்டுக்கு இரண்டு திர்ஹாமும் கொஞ்சமும் வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தில் காலை முதல் சுற்றைப் பிடியுங்கள். நாங்கள் எடுத்தது எட்டு மணி. எப்படி எழுந்திருப்பது என்று பயப்பட வேண்டாம், உடம்பே எழுப்பிவிடும். மொரோக்கோ நமக்கு ஏழு மணி நேரம் பின்னால். அங்கே விடியற்காலை ஐந்து மணி என்றால் நம் வயிற்றுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஊர் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே இந்தத் தோட்டத்தை வைத்துக்கொண்டால் தூக்கம் கெட்டதும் உபயோகமாகிவிடும். ஒன்பதரைக்கு மேல் சுற்றுலாக் கூட்டங்கள் வரிசையாக வந்து இறங்குகின்றன. ரமலான் மாதத்தில் தோட்ட நேரமும் மாறும், ஊர்க் கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்னால் போகும்; அப்போது போகிறவர்கள் கவனம்.

வழி சுருக்கமாக: கோலாலம்பூரிலிருந்து நேராக விமானம் இல்லை. தோஹா, துபாய், இஸ்தான்புல் என்று எங்காவது மாறிக் காசாபிளாங்கா போய், அங்கிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். திர்ஹாமை இங்கே தேடி அலையாதீர்கள். அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. யூரோ எடுத்துப் போய் அங்கே மாற்றுங்கள். மராக்கேஷில் பழைய ஊரின் ஜமா எல் ஃப்னா மைதானத்திலிருந்து தோட்டம் மூன்று கிலோமீட்டர் போல. சின்ன டாக்சியில் ஏறும்போதே மீட்டர் போடச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அடுத்த வண்டி. எங்கள் ஊர் பெக்காக்காரரிடம் (மூன்று சக்கர மிதிவண்டிக்காரர்) பேரம் பேசியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

சரி, உள்ளே போவோம். தோட்டம் சின்னது. நம் தண்ணீர்மலைப் பூங்கா 1884-இல் தொடங்கியது, முப்பது ஹெக்டேர் அளவு, காசு கிடையாது, குரங்கு வேறு இலவசம். மஜோரெல் தோட்டம் ஒரு ஹெக்டேர்கூட முழுதாக இராது. இதற்கா இவ்வளவு தூரம் என்று வாசலில் எனக்கே தோன்றியது. ஓட்டமாக நடந்தால் இருபது நிமிடத்தில் சுற்றிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைந்ததும் மூங்கில் வரும். எல்லாரும் படம் எடுக்க ஆரம்பிப்பார்கள். அங்கே நிற்காமல் நேராக நீலக் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். கூட்டம் மூங்கிலைத் தாண்டி வருவதற்குள் அந்த நீலம் பத்து நிமிடம் உங்களுக்கு மட்டும் கிடைக்கும். மூங்கிலைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். தண்டுகளில் பேரைக் கீறி வைத்திருக்கிறார்கள், அந்தப் புத்தி உலகம் முழுக்க ஒன்றுதான் போல.

அந்த நீலத்தின் கதை தெரிந்து போனால் பார்வையே மாறும். ஜாக் மஜோரெல் ஒரு பிரெஞ்சு ஓவியர். உடம்பு சரியில்லாமல் 1917-இல் மராக்கேஷ் வந்தவர், ஊர் பிடித்துப்போய் 1923-இல் இந்த இடத்தை வாங்கினார். பால் சினுவார் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1931-இல் ஓவியக்கூடம் எழுப்பினார். அதன் சுவரில் இந்த நீலத்தை அடித்தது 1937-இல். நாற்பது வருஷம் செடி சேர்த்திருக்கிறார். செடிப் பைத்தியம் பணத்தைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். அவரையும் தின்றது, 1947-இல் காசு வாங்கிப் பொதுமக்களை உள்ளே விட ஆரம்பித்தார். 1962-இல் அவர் இறந்த பிறகு தோட்டம் கவனிப்பாரின்றிப் போய், ஓட்டல் கட்ட அழிக்கப் பார்த்தார்கள். ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லொரானும் அவருடைய துணைவர் பியேர் பெர்ஜேவும் 1980-இல் வாங்கிக் காப்பாற்றினார்கள். 2008-இல் சான் லொரான் இறந்தபோது அவருடைய சாம்பலைப் பக்கத்திலுள்ள அவர்கள் வீட்டு ரோஜாத் தோட்டத்தில்தான் தூவினார்கள். அவர் நினைவாகத் தோட்டத்துக்குள் ஒரு பழைய ரோமானியத் தூண் நிற்கிறது. அதன் அருகில் எப்போதும் நிழலும் அமைதியும் உண்டு. கால் வலித்தால் அங்கே உட்காருங்கள்.

பினாங்குக்காரர்களுக்கு நீல வீடு அதிசயம் இல்லை, லீத் தெருவில் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகை இருக்கிறது. ஆனால் அது அவுரி நீலம், இந்தியாவிலிருந்து வந்த சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து பூசியது. வெயிலில் வெளுத்து, மழையில் திட்டுத் திட்டாகி, ஒரு மென்மை வந்துவிடும். மஜோரெலின் நீலம் முகத்தில் அறையும். அதன் முன்னால் வைத்த மஞ்சள் தொட்டி எரிகிற மாதிரி இருக்கும், கள்ளியின் சாம்பல் பச்சை வெள்ளிபோல் ஆகிவிடும். நான் கால்மணி நேரம் ஒரே இடத்தில் நின்றேன். வீட்டில் நான் செடியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அதற்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டுச் சுவர் பாசி பிடித்த வெள்ளை.

அப்புறம் கள்ளிப் பாத்தி. குனிந்து அடித்தண்டைப் பாருங்கள். நம் வீட்டுக் கள்ளியின் அடி பழுப்பேறி மெத்தென்று இருக்கும். அங்கே கல்போல் இறுகிக் கிடக்கிறது. மண்மேல் பொடிக்கல் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு நட்டிருக்கிறார்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய தூண் கள்ளிகள், குடம்போல் உருண்ட பீப்பாய்க் கள்ளிகள், சப்பாத்திக் கள்ளி, யானைக் கற்றாழை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் மராக்கேஷில் வருஷத்து மழை 250 மில்லிமீட்டரைத் தொட்டாலே பெரிது. நமக்கு 2,000-க்கு மேல். அதைக் கணக்குப் போட்டதும் முப்பது வருஷத்துக் குற்ற உணர்ச்சி கொஞ்சம் இறங்கியது. என் கைராசி கெட்டதில்லை, வானத்தின் கோளாறு. காகிதப்பூ மட்டும் நம்மூரில்தான் அழகு என்று தங்கையிடம் அடித்துச் சொன்னேன், அவள் கேட்கிற நிலையில் இல்லை, இருபதாவது படத்துக்கு நின்றுகொண்டிருந்தாள்.

ஓவியக்கூடம் இப்போது வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர் மக்களின் கலைப்பொருள் காட்சியகம். சின்ன இடம், தவற விடாதீர்கள். நகை அறையில் நாலு பக்கமும் கண்ணாடி, மேலே நட்சத்திரம்போல் விளக்கு. துணியைத் தோளில் சேர்த்துக் குத்தும் முக்கோண வெள்ளி ஊசிகளைப் பார்த்தபோது எங்கள் பாட்டியின் தண்டட்டிதான் நினைவுக்கு வந்தது. அதே கனம், அதே முரட்டு அழகு. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். வெளியே வந்தால் அதே தெருவில் சான் லொரான் ஆடைக் காட்சியகம், 2017-இல் திறந்தது. புதன்கிழமை மூடியிருக்கும். எனக்கு உடுப்பில் அவ்வளவு பிடிப்பு இல்லை; தங்கை இரண்டு மணி நேரம் இருந்தாள்.

சைவக்காரர்கள் காய்கறித் தஜீன் (மூடிய மண்சட்டியில் வேகவைக்கும் குழம்பு) கேட்கும்போது குழம்பு இறைச்சிச் சாறில் வைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காய் மட்டும் மேலே தெரிந்தால் போதாது. புதினா டீயில் சர்க்கரை நம் தே தாரேக்கை, அதாவது ஆற்றிய பால் டீயைத் தோற்கடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரிக்குப் போகும். மார்ச், ஏப்ரல் நல்லது.

விதை, கிளை, கள்ளித் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், அனுமதிக் கடிதம் இல்லாமல் செடி கொண்டுவந்தால் இங்கே விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். நான் பழைய ஊர்க் கடைத்தெருவில் கால் கிலோ நீலப் பொடி வாங்கினேன், மூன்று தொட்டிக்கு அடித்துப் பார்க்கலாம் என்று. வாங்கினால் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு முடிச்சுப் போட்டு, அதை ஒரு டப்பாவில் அடைத்துப் பெட்டியின் ஓரத்தில் வையுங்கள். நான் கடைக்காரர் மடித்துக் கொடுத்த தாளோடு அப்படியே வைத்துவிட்டேன். தங்கையின் வெள்ளைப் பருத்தி உடுப்புகள் மூன்று மஜோரெல் நீலத்தில் கோலாலம்பூர் வந்து இறங்கின.